வன்னியிலிருந்து ட்வைலைட் இம்பீரியம்: ஆறு பேருக்கான விண்வெளி மேசையைக் கணினியில் அமைக்கும் முழு வழிகாட்டி

ட்வைலைட் இம்பீரியம் என்ற விண்வெளிப் பலகை ஆட்டத்தின் நான்காம் பதிப்பு 2017இல் வெளிவந்தது. அதன் பெட்டிக்குள் 354 பிளாஸ்டிக் கப்பல்களும் படைகளும், 51 அறுகோணத் தட்டுகளும், நூற்றுக்கணக்கான அட்டைகளும் இருக்கின்றன. அவ்வளவையும் விரிக்கச் சாப்பாட்டு மேசை போதாது. ஆறு பேர் ஆடினால் ஒரு முழுப் பகல் வேண்டும். பெட்டியை வெளிநாட்டிலிருந்து இறக்குவதும், கிளிநொச்சி, மல்லாவி, புதுக்குடியிருப்பு என்று சிதறியிருக்கும் ஆறு பேரை ஒரே வீட்டில் இருத்துவதும் சுலபமில்லை. அதே மேசையை டேபிள்டொப் சிமுலேட்டர் என்ற மென்பொருளில் விரிக்கலாம். அது பகடை, அட்டை, தட்டு எல்லாவற்றையும் முப்பரிமாணத்தில் காட்டும். ஆனால் விதிகளைத் தானாக நடத்தாது. அதனால் அமைப்பு வேலை முழுவதும் நம் கையில்தான்.

வன்னியில் இந்த ஆட்டம் குழம்புவதற்குப் பெரும்பாலும் விதிகள் காரணமில்லை. ஆட்ட நாளன்று, மொபைல் டேட்டாவில், ஆறு பேரும் ஒரே நேரத்தில் படங்களை இறக்கத் தொடங்குவதுதான் காரணம். ஆகவே கீழே சொல்லும் அத்தனையும் ஒரு நோக்கத்துக்கானவை: ஆட்ட நாளில் இணையம் வழியாக நகர்வுகளும் குரலும் மட்டுமே போக வேண்டும், மற்றதெல்லாம் முன்பே ஒவ்வொரு கணினியிலும் இருக்க வேண்டும்.

தேவையானவை

ஆடும் ஒவ்வொருவருக்கும் கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில் கணக்கும், டேபிள்டொப் சிமுலேட்டரின் சொந்தப் பிரதியும் வேண்டும். குடும்பப் பகிர்வில் ஒரு பிரதியை ஒரு நேரத்தில் ஒருவர்தான் இயக்கலாம். வீட்டில் இரண்டு பேர் ஆடினால் இரண்டு பிரதிகள் வாங்கியே ஆக வேண்டும். ஸ்டீமின் பருவகால விற்பனைக்குக் காத்திருந்து வாங்குங்கள். வங்கி டெபிட் கார்ட்டில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு பல நேரம் பூட்டியே இருக்கும். பணம் இருந்தும் கார்ட் மறுக்கப்பட்டால் வங்கிக்கு அழைத்து அதைத் திறக்கச் சொல்லுங்கள்.

கணினியில் 8 ஜிபி நினைவகம் வேண்டும். மென்பொருள் 4 ஜிபியில் திறக்கும்தான். ஆனால் இந்த ஆட்டத்தின் மேசை கனமானது. பாதி ஏறும்போதே திரை உறைந்து, ஆட்டம் தானாக மூடிக்கொள்ளும். 4 ஜிபி லப்டொப்பில்தான் ஆட வேண்டுமென்றால் பிரவுசரை முழுதாக மூடி, ஆட்டத்தின் வரைகலை அமைப்பில் எல்லாவற்றையும் ஆகக் குறைந்த நிலைக்கு இறக்குங்கள். ஆனால் மேசையைத் திறந்து மற்றவர்களைச் சேர்க்கும் நடத்துநரின் கணினியாக மட்டும் அதை வைக்கவே வேண்டாம். வட்டில் 10 ஜிபி வெறுமையாக இருக்கட்டும். மவுஸ் கட்டாயம். டச்பேட்டில் கப்பல் நகர்த்துபவர் முதல் சுற்று முடியவே களைத்துவிடுவார்.

ஒரு முறை இறக்கி, பென்டிரைவில் பகிர்தல்

குழுவில் ஃபைபர் இணைப்பு உள்ள ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். அனேகமாகக் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ நகருக்குள் இருப்பவராக அமையும். இரவு டேட்டா தனியாகக் கிடைக்கும் இணைப்பானால் நள்ளிரவுக்குப் பிறகு இறக்கலாம். அவர் மென்பொருளை நிறுவி, ஸ்டீமின் வேர்க்ஷொப் பகுதியில் ட்வைலைட் இம்பீரியம் என்று தேடி, சந்தாதாரர் அதிகமுள்ளதும் அண்மையில் புதுப்பித்ததுமான மொட் (mod) ஒன்றுக்கு, அதாவது ஆட்டத்தை மென்பொருளுக்குள் கொண்டுவரும் கோப்புத் தொகுப்புக்கு, சந்தா (subscribe) கொடுக்க வேண்டும். இவை விசிறிகள் உருவாக்கியவை, வெளியீட்டாளரின் அதிகாரபூர்வப் பதிப்பு அல்ல. 2020இல் வந்த புரொபசி ஒஃப் கிங்ஸ் விரிவாக்கம் பெரும்பாலும் இவற்றில் சேர்ந்தே இருக்கும். முதல் ஆட்டத்துக்கு அதை அணைத்துவிடுங்கள். அடிப்படை ஆட்டத்தின் 17 இனங்களே தாராளம்.

சந்தா கொடுத்ததும் இறங்குவது ஒரு சின்னக் கோப்பு மட்டும். படங்களும் உருக்களும் மேசையைத் திறக்கும்போதுதான் ஒவ்வொன்றாக இறங்கும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு: மேசையில் பைகளுக்குள் இருக்கும் பொருட்கள், பையிலிருந்து வெளியே எடுக்கும்வரை இறங்காது. மொட்டை ஒரு முறை திறந்து பார்த்துவிட்டு எல்லாம் வந்துவிட்டது என்று நினைப்பவர்கள், ஆட்ட நாளில் இனங்களின் பைகளைப் பிரிக்கும்போது வெள்ளைச் சதுரங்களைப் பார்ப்பது இதனால்தான். ஆகவே இறக்குபவர் தனியாள் முறையில் மேசையைத் திறந்து, ஆடப்போகும் ஆறு இனங்களின் பைகளையும் பிரித்து, தட்டுகளைப் பரப்பி, அட்டைக் கட்டுகளை ஒரு முறை விரித்துப் பார்க்க வேண்டும். அதற்கு முன் அமைப்புகளில் மொட் சேமிப்பு இயங்குகிறதா என்று பாருங்கள். அது அணைந்திருந்தால் இறங்கியது எதுவும் வட்டில் தங்காது.

இப்போது டொக்கியுமென்ட்ஸ் கோப்புறைக்குள் மை கேம்ஸ், அதற்குள் டேபிள்டொப் சிமுலேட்டர், அதற்குள் மொட்ஸ் என்ற கோப்புறைக்குப் போங்கள். படங்கள், மொடல்கள், அசெட்பண்டில்கள், வேர்க்ஷொப் என்று துணைக் கோப்புறைகள் இருக்கும். மொட்ஸ் முழுவதையும் சுருக்காமல் ஒரே ஸிப் கோப்பாகக் கட்டுங்கள். உள்ளே எக்கச்சக்கமான சிறு கோப்புகள் இருப்பதால் அப்படியே பென்டிரைவுக்கு இழுத்தால் நகலெடுப்பு ஊர்ந்து போகும். ஒரே கோப்பென்றால் சீக்கிரம் முடியும். அந்தப் பென்டிரைவ் ஏ9 வீதியில் பஸ்ஸேறி மாங்குளம் போய், அங்கிருந்து ஒட்டுசுட்டான் வழியாகப் புதுக்குடியிருப்புக்குப் போகட்டும். ஒவ்வொருவரும் தங்கள் கணினியில் அதே இடத்தில் பிரித்து வைத்தால் போதும். சேமித்த கோப்புகளின் பெயர் அவற்றின் இணைய முகவரியிலிருந்தே உருவாவதால், ஆட்டம் மேசையைத் திறக்கும்போது முதலில் வட்டில் தேடும், கிடைத்தால் இணையத்துக்குப் போகாது.

மென்பொருளையும் இப்படியே கொண்டுபோகலாம். ஸ்டீமின் கொமன் கோப்புறைக்குள் இருக்கும் ஆட்டக் கோப்புறையை நகலெடுத்து மற்றவரின் கணினியில் அதே இடத்தில் வைத்துவிட்டு, அவருடைய கணக்கில் நிறுவு என்று சொடுக்கினால், ஸ்டீம் இருப்பதைச் சரிபார்த்து விடுபட்டதை மட்டும் இறக்கும்.

மேசையை முன்கூட்டியே விரித்தல்

ஆறு பேர் ஆட்டத்தின் வரைபடத்தில் 37 தட்டுகள்: நடுவில் மெக்கட்டோல் ரெக்ஸ் என்ற கோள், சுற்றி 6, அதைச் சுற்றி 12, வெளியே 18. தட்டுகளின் பின்பக்க நிறமும் எண்ணும் தெரிந்திருந்தால் பிழை பிடிப்பது சுலபம். 1 முதல் 17 வரை இனங்கள் தொடங்கும் வீட்டுத் தொகுதிகள் (17 மட்டும் குரோஸ் இனத்தின் வாசல்), 18 மெக்கட்டோல் ரெக்ஸ், 19 முதல் 38 வரை கோள்கள் உள்ள நீலத் தட்டுகள், 39 முதல் 50 வரை சிவப்புத் தட்டுகள், 51 குரோஸ் இனத்தின் தனி வீடு. ஒவ்வொருவருக்கும் 3 நீலமும் 2 சிவப்பும். சிவப்பு 12இல் 12உம் செலவாகும், நீலம் 20இல் 2 மிஞ்சும்.

பெட்டி விதிப்படி ஆட்டக்காரர்களே மாறி மாறித் தட்டு வைப்பார்கள். சபாநாயகர் என்ற பொறுப்பில் இருக்கும் ஆட்டக்காரரில் தொடங்கி வலஞ்சுழியாகப் போய், கடைசி ஆள் இரண்டு முறை வைத்து, அதே வழியில் திரும்பி வர வேண்டும். உள்வட்டம் நிரம்பாமல் வெளிவட்டத்துக்குப் போகக் கூடாது. விண்கல் கூட்டம், சூப்பர்நோவா போன்ற விபரீதத் தட்டுகள் இரண்டும், ஒரே வகைப் புழுத்துளைகள் இரண்டும், வேறு வழியிருக்கும்வரை பக்கத்துப் பக்கத்தில் வரக் கூடாது. இது நல்ல பகுதிதான். ஆனால் புதியவர்களோடு ஆடினால் ஒரு மணி நேரம் போய்விடும். முதல் ஆட்டத்துக்கு வரைபட எண்சரத்தைப் பயன்படுத்துங்கள் என்றே சொல்வோம்.

எண்சரம் என்பது தட்டு எண்களின் வரிசை. நடுத்தட்டை விட்டுவிட்டு, அதற்கு நேர் மேலே தொடங்கி, வலஞ்சுழியாக வட்டம் வட்டமாக வெளியே போகும். வீட்டுத் தொகுதி வரும் இடத்தில் 0. இணையத்தில் உள்ள வரைபட உருவாக்கிகள் இதைத் தரும், மொட்டில் அதை ஒட்டினால் தட்டுகள் தானாக விரியும். ஒட்டுமுன் எண்ணிப் பாருங்கள்: 36 எண்கள் இருக்க வேண்டும், அவற்றில் 19, 22, 25, 28, 31, 34ஆம் இடங்களில் 0 இருக்க வேண்டும். வட்ஸ்அப்பில் நகலெடுக்கும்போது ஒரு எண் விழுந்தால் அதற்குப் பிறகான தட்டுகள் எல்லாம் ஓரிடம் நகர்ந்து, வீடுகள் மூலையை விட்டு விலகிவிடும். வரைபடம் கோணலாகத் தெரிந்தால் மொட்டைக் குறை சொல்லாமல் முதலில் எண்ணுங்கள்.

பிறகு ஒவ்வொரு நிறத்துக்கும் இனப் பலகை, தொடக்கக் கப்பல்கள், வீட்டுக் கோள்களின் அட்டைகள். கட்டளை வில்லைகள் 8: தந்திரத்தில் 3, கடற்படையில் 3, வியூகத்தில் 2. மெக்கட்டோல் ரெக்ஸின் மேல் காவலர் வில்லை. முதல் நிலைப் பொது இலக்குகள் 5, இரண்டாம் நிலை 5, எல்லாம் கவிழ்த்து, முதல் நிலையில் 2ஐ மட்டும் திருப்பி வையுங்கள். இரகசிய இலக்கு ஆளுக்கு 2 கொடுத்து 1ஐ வைத்துக்கொள்வது எல்லோரும் இருக்கைக்கு வந்த பிறகு நடக்கட்டும். ஆளில்லாத நிறத்துக்கு அட்டை கொடுத்துவைத்தால், அந்த நிறத்தில் தவறுதலாக அமர்பவர் பார்த்துவிடுவார்.

விரித்த மேசையைச் சேமித்து, சேவ்ஸ் கோப்புறையில் இருக்கும் கோப்பை எல்லோருக்கும் அனுப்புங்கள். கோப்பின் பெயரை மாற்றி அனுப்புவது முக்கியம். மென்பொருள் எல்லாருக்கும் ஒரே மாதிரித்தான் பெயரிடும், அப்படியே வைத்தால் அவருடைய பழைய சேமிப்பு அழியும். ஒவ்வொருவரும் இந்தச் சேமிப்பைத் தனியாள் முறையில் ஒரு முறை திறந்து, வெள்ளைச் சதுரம் எதுவும் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். ஆட்டத்துக்கு இரண்டு நாளைக்கு முன்பே இதைக் கேட்டு வாங்குங்கள்.

தமிழில் உதவி அட்டை

இளையவர்களும் ஆங்கிலம் சரளமாக வராதவர்களும் ஆடினால் ஒரு தமிழ் உதவிப் பலகை ஆட்டத்தின் வேகத்தைக் கூட்டும். மென்பொருளின் குறிப்பேட்டில் தமிழைத் தட்டச்சு செய்ய வேண்டாம். அதன் எழுத்துப்பொறி தமிழைச் சரியாகக் கோப்பதில்லை. கொம்புகளும் கால்களும் இடம் மாறும். லிப்ரே ஒஃபிஸிலோ இங்க்ஸ்கேப்பிலோ எழுதிப் படமாக ஏற்றுமதி செய்து, மேசையில் தனித் தட்டாக இறக்குங்கள். அகலம் 1200 பிக்சலுக்குக் குறையாமல் இருக்கட்டும். அட்டைக் கட்டு வார்ப்புருவில் 10க்கு 7 என்று அடுக்கினால், 4096 பிக்சல் படத்தில் ஒரு அட்டைக்கு 409 பிக்சல்தான் கிடைக்கும். அதில் ‘ழ’வும் ‘ள’வும் வேறுபடாது.

இறக்கும்போது கிளவுட்டா, இந்தக் கணினியா என்று கேட்கும். இந்தக் கணினி என்று கொடுத்தால் உங்களுக்கு மட்டும் தெரியும், மற்ற ஐவருக்கும் வெறும் தட்டு. கிளவுட் என்றே கொடுங்கள். இதையும் மேசையைச் சேமித்து அனுப்புவதற்கு முன்பே செய்துவிடுங்கள்.

பலகையில் போட வேண்டியவை கப்பல்களின் விலை, அடி எண், வேகம், கொள்ளளவு. மேம்படுத்தாத நிலையில் அவை: கேரியர் விலை 3, அடி 9, வேகம் 1, கொள்ளளவு 4. குரூசர் 2, 7, 2, கொள்ளளவு இல்லை. டிஸ்ட்ரோயர் 1, 9, 2. ட்ரெட்நோட் 4, 5, 1, கொள்ளளவு 1. போர்விமானம் விலை 1க்கு இரண்டு, அடி 9. தரைப்படை விலை 1க்கு இரண்டு, அடி 8. வோர்சன் விலை 12, அடி 3 என்று மூன்று பகடை, வேகம் 2, கொள்ளளவு 6; அதைக் கட்ட முதலில் அதற்கான தொழில்நுட்பம் வேண்டும். பகடை பத்து முகம் கொண்டது, அடி எண்ணோ அதற்கு மேலோ விழுந்தால் தாக்கம், 0 என்பது 10. இதற்குக் கீழே பெரிய எழுத்தில் ஒரு வரி: ஒரு தொகுதியில் போர்விமானம் தவிர்த்த கப்பல்கள் கடற்படை வில்லைகளின் எண்ணிக்கையைத் தாண்டக் கூடாது. திரையில் வில்லைகள் மூலையில் கிடப்பதால், கணினியில் ஆடும்போது அதிகம் மீறப்படும் விதி இதுதான்.

கரண்டும் இணைப்பும்

மேசை நடத்துநரின் கணினி நின்றால் ஆறு பேரும் வெளியே விழுவார்கள். ஆகவே நடத்துநர் நல்ல பேட்டரி உள்ள லப்டொப்பில் இருக்க வேண்டும். அடுத்தது றவுட்டர். கரண்ட் போனதும் லப்டொப் ஓடிக்கொண்டிருக்க, றவுட்டர் அணைந்து எல்லாம் போய்விடும். றவுட்டருக்கென்று வரும் சின்ன யூபிஎஸ் ஒன்றை வாங்குங்கள். வாங்குமுன் அடப்டரில் 9 வோல்ட்டா 12 வோல்ட்டா, எத்தனை அம்பியர் என்று பாருங்கள். ஃபைபர் இணைப்பில் சுவரில் தனிப் பெட்டியும் றவுட்டரும் என்று இரண்டு இருந்தால் இரண்டுக்கும் மின்சாரம் வேண்டும்.

4ஜி றவுட்டரை அலுமாரிக்கு மேலே வைக்காமல், கோபுரம் இருக்கும் திசையிலுள்ள யன்னலோரம் வையுங்கள். தகரக் கூரைக்குக் கீழே சமிக்ஞை மெலியும். மல்லாவியிலோ நெடுங்கேணியிலோ மூன்று பேர் இருந்தால் மூன்று தனித்தனி மொபைல் இணைப்பைவிட ஒரு வீட்டில் கூடி ஒரே நல்ல இணைப்பைப் பயன்படுத்துவது மேல். சனசமூக நிலையத்தில் இடம் கிடைத்தால் இன்னும் நல்லது. அறிவியல்நகரில் விடுதியிலிருந்து ஆடும் மாணவர்கள் வளாக வலையமைப்பு ஆட்ட இணைப்பை விடுகிறதா என்று முதல் நாளே சோதிக்க வேண்டும். விடாவிட்டால் போன் ஹொட்ஸ்பொட்.

ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடிமின்னல் வழக்கம். அந்த மாதங்களில் காலை 7 மணிக்குத் தொடங்கி மதியத்தோடு நிறுத்துங்கள். முழக்கம் கேட்டால் சேமித்துவிட்டுச் செருகியைக் கழற்றுங்கள், கேபிள் வழி வரும் இணைப்பையும் சேர்த்து.

குரலுக்கு டிஸ்கோர்ட் என்ற பேச்சுச் செயலி நல்லது. 64 கிலோபிட் தரத்தில் மணிக்கு ஏறத்தாழ 29 எம்பி, எட்டு மணி நேரத்துக்கு 230 எம்பி என்று கணக்கு வையுங்கள். பொது அறை ஒன்றோடு இரண்டு ஒதுக்கறைகளும் திறந்து வையுங்கள். இந்த ஆட்டத்தின் உயிர் பேரம் பேசுவது. இரண்டு பேர் ஒதுங்கிப் பேச இடமில்லாவிட்டால் பாதி ஆட்டம் காணாமல் போகும். ஒதுக்கறைக்கு மூன்று நிமிட வரம்பு வையுங்கள்.

ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கும் சொந்தக்காரரும் ஆடினால் இங்கே ஞாயிறு மாலை 6 மணி பொருந்தும்: கோடையில் லண்டனில் பகல் 1.30, பாரிஸில் 2.30, ரொறன்ரோவில் காலை 8.30. அங்கே குளிர்காலக் கடிகாரம் வந்தால் மூன்றிலும் ஒரு மணி நேரம் குறையும். மறுநாள் போயா விடுமுறையாக அமைந்தால் இங்குள்ளவர்களுக்கு நிம்மதி.

ஆட்ட நாள்

நடத்துநர் பலர் ஆடும் முறையில் கடவுச்சொல்லோடு மேசையைத் திறந்து, சேமித்த கோப்பை ஏற்றுவார். மற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சேரட்டும், ஆறு பேரும் ஒன்றாக வேண்டாம். சேர்ந்ததும் ஒவ்வொருவரும் தமது நிறத்தில் அமர வேண்டும். சாம்பல் நிறம் பார்வையாளருக்கானது, அதில் கையில் அட்டை வராது. தட்டுகளைத் தேர்ந்து எல் விசையை அழுத்திப் பூட்டுங்கள். பூட்டாத தட்டின் மேல் கப்பலை இழுத்தால் தட்டும் சேர்ந்து நகர்ந்து, மேலுள்ள எல்லாம் சரியும். பெரிதாகப் பார்க்க ஆல்ட், கவிழ்க்க எஃப், குலுக்கவும் பகடை உருட்டவும் ஆர். சரிந்தால் மேலேயுள்ள பின்னோக்கு பொத்தான் சில நொடிகளுக்கு முந்தைய மேசையைத் தரும். அது எல்லாருக்கும் சேர்த்தே பின்போகும் என்பதால், அழுத்துமுன் குரலில் சொல்லுங்கள்.

ஒவ்வொரு சுற்றிலும் புள்ளி எடுக்கும் நிலைக் கட்டம் முடிந்ததும் நடத்துநர் சுற்றெண்ணோடு சேமித்து, அந்தக் கோப்பை மாற்று நடத்துநருக்கு மட்டும் அனுப்ப வேண்டும். அதைத் திறந்தால் எந்த நிறத்திலும் அமர்ந்து இரகசிய அட்டைகளைப் பார்க்க முடியும். அதனால் குழுவுக்குப் போடாதீர்கள், அவசரத்துக்கன்றி அவரும் திறக்கக் கூடாது. நடத்துநரின் கரண்ட் நீண்ட நேரம் போனால் மாற்று நடத்துநர் அந்தக் கோப்பிலிருந்து மேசையைத் திறந்து தொடரலாம். ஆட்டக்காரர் ஒருவர் மட்டும் விழுந்தால் அவருடைய அட்டைகள் அந்த நிறத்திலேயே இருக்கும். வேறு எவரும் அந்த நிறத்தில் அமராமல், அவர் திரும்பி வரும்வரை பத்து நிமிடம் நிறுத்துங்கள்.

ஒருவருக்கு மட்டும் ஒரு பொருள் வெள்ளையாகத் தெரிந்தால் அவருடைய வட்டில் அந்தக் கோப்பு அரைகுறையாக இறங்கியிருக்கிறது. படங்கள், மொடல்கள் கோப்புறைகளில் அளவு சுழியமாகவோ மிகச் சிறியதாகவோ உள்ள கோப்புகளை அழித்துவிட்டு மீண்டும் சேரச் சொல்லுங்கள். எல்லாருக்கும் வெள்ளை என்றால் மூல முகவரியே செத்துவிட்டது. பழைய சேமிப்புக் கோப்புறை உள்ள ஒருவரிடமிருந்து அதை வாங்குவதுதான் வழி.

முதல் ஆட்டத்தை 10 புள்ளிக்கே ஆடுங்கள், ஆனால் இரண்டு நாட்களாகப் பிரியுங்கள். நல்ல இடைவேளை, யாரேனும் 6 செல்வாக்கு செலுத்திக் காவலர் வில்லையை எடுத்த சுற்றில் நிலைக் கட்டம் முடியும் இடம். அந்தச் சுற்றிலிருந்தே நிலைக் கட்டத்துக்குப் பிறகு வாக்கெடுப்பு நடக்கும் தீர்மானக் கட்டம் சேரும், புதிய விதிகளை அடுத்த அமர்வின் தொடக்கத்தில் விளக்கலாம். இரண்டாம் நாள் கோப்பை ஏற்றியதும் எல்லோரும் அதே நிறத்தில் அமர்ந்து, கையிலுள்ள அட்டைகளையும் வில்லைகளையும் எண்ணிச் சொல்லட்டும்.

கணினி இல்லாமல் போன் மட்டும் இருப்பவர்களுக்கும் ஒரு வாசல் உண்டு: இதே ஆட்டத்தை டிஸ்கோர்டில் ஒரு தானியங்கி வழியாக, வரைபடத்தைப் படமாகப் பார்த்து, நேரம் கிடைக்கும்போது ஒவ்வொரு நகர்வாக ஆடும் குழுக்கள் இருக்கின்றன. ஒரு ஆட்டம் வாரக்கணக்கில் நீளும். வயல் வேலைக்கும் கடைக்கும் போய்வரும் ஒருவருக்கு அதுவே தோதாக இருக்கும். அங்கே எழுத்துவழிக் கட்டளைகளைப் பழக வேண்டும், ஆகவே சேருமுன் மேலே சொன்ன மேசையில் ஒரு ஆட்டமாவது முழுமையாக ஆடி முடியுங்கள்.